தாவர மிதவையுயிரி: கடற்பாசி அன்று

கடலின் மேற்பரப்பு வெப்பநிலை உயர்ந்தால் கடற்பாசி குறைவதைச் செயற்கைக்கோள் காட்டுகிறது என்னும் வகையிலான வாக்கியங்களைத் தமிழ்ச் செய்திகளில் திரும்பத் திரும்பக் காண நேர்கிறது. செயற்கைக்கோள் காட்டுவது கடற்பாசியை அன்று, பைட்டோபிளாங்டனை; அதாவது ஒளிச்சேர்க்கை செய்தபடி நீரோடு மிதந்து செல்லும் தாவர மிதவையுயிரிகளை.

கிரேக்கத்தில் 'பைட்டோன்' என்பது தாவரம்; 'பிளாங்டோஸ்' என்பது அலைந்து திரிவது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வலுவின்றி அதன் போக்கிலேயே செல்லும் உயிர்களுக்குப் 'பிளாங்டன்' என்று 1887இல் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் விக்டர் ஹென்சன்.

மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறித்து, உலர்த்தி, நிறுத்து விற்பதுதான் கடற்பாசி. அது பாறையைப் பற்றி வளர்வது. பைட்டோபிளாங்டனில் பெரும்பாலானவற்றைத் தனித்துக் காண நுண்ணோக்கி வேண்டும். 'நுண்பாசி' என்று திருத்துவோர் அளவை மட்டுமே சரிசெய்கிறார்கள். படகின் அடியில் படிவதும் நுண்பாசிதானே? பற்றி வாழ்வதா, நீரோடு செல்வதா என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் சிறு வேறுபாடாகக் கருதிவிடுகிறார்கள். வெப்பநிலையோடு உள்ள தொடர்பே அதில்தான் அடங்கியிருக்கிறது. மேல்நீர் சூடேறி அடர்த்தி குறையும்போது கீழுள்ள குளிர்நீரோடு கலப்பது தடைப்பட்டு, நைட்ரேட், பாஸ்பேட் முதலிய சத்துகள் ஆழத்திலேயே தங்கிவிடுவதால், வெளிச்சமுள்ள அடுக்கில் மிதக்கும் உயிர்களுக்கு ஊட்டம் கிடைப்பதில்லை. பசிபிக்கின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ 1997–98இல் நிகழ்ந்தபோது அதன் நிலநடுக்கோட்டுப் பகுதியில் இவ்வுயிர்களின் அளவைக் காட்டும் பச்சையம் குன்றியதையும், 1998இன் நடுவில் குளிர்நீர் மேலெழுந்தபின் அது பெருகியதையும் செயற்கைக்கோளில் இருந்த சீவிஃப்ஸ் கருவி நீரின் நிறத்தைக் கொண்டு பதிவுசெய்தது. (ஒளி குறைந்த துருவப் பக்கக் கடல்களில் இத்தொடர்பு அப்படியே பொருந்தாது, 'வெப்பத்தில் அழிகின்றன' என்று எழுதுவதோ காரணத்தையே தவறாகக் காட்டும்.)

'அலைதாவரம்' என்றொரு சொல்லும் வழங்குகிறது. அலைந்த, அலைகின்ற, அலையும் தாவரம் என விரியும் நல்ல வினைத்தொகை. கிரேக்க மூலத்துக்கும் நெருக்கமானது. ஆனால் அச்சில் அது 'அலைத்தாவரம்' ஆகிவிடுகிறது; ஒற்று மிகுந்தவுடன் கடலலையின் தாவரம் என்று பொருள் திரிகிறது. நீரோட்டம் கொண்டுசெல்வதை அலையின் கணக்கில் எழுதுவது பிழை. மேலும், 'தாவரம்' என்பதன் வடமொழி வேருக்கே நிலைத்து நிற்பது என்றுதான் பொருள். பைட்டோபிளாங்டனில் ஒரு பெரும்பகுதி தாவரமே அன்று, நீலப்பச்சை பாக்டீரியங்கள். 'தாவர மிதவையுயிரி' என்னும்போது 'உயிரி' தலைச்சொல்லாக நிற்க, 'தாவர' என்பது ஒளிச்சேர்க்கைத் தன்மையை மட்டும் சுட்டும் அடையாகிறது. பாடநூல்களில் இச்சொல் ஏற்கெனவே இருக்க, செய்தி எழுதுவோர் அதைத் தேடாமல் கைக்கு முதலில் அகப்பட்ட பாசியை எடுத்துக்கொள்வது வருத்தம் தருகிறது.

ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தையும் கொண்டே மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. அப்பகுதியைக் 'கடற்பாசி மிகுந்த இடம்' என்று மொழிபெயர்த்தால், மீனவர் அதைக் கரையோரப் பாறை நிலமாகவே எண்ணி, வலை கிழியுமென்று விலகிச் செல்வார்.