செத்த பந்தும் மழைக்காலமும்

"சார், இந்தப் பந்து செத்துப்போச்சு."

கெட்டித் தரையில், சின்னக் கோர்ட்டில் ஆடும் கால்பந்துதான் ஃபுட்சால். அதன் பந்தை முதல்முறை தரையில் தட்டிப் பார்த்த பத்து வயதுப் பையன் சொன்னது இது. காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான்காம் நம்பர் அளவுள்ள அந்தப் பந்தை, அதிகம் துள்ளாதபடிதான் செய்கிறார்கள். 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்பது விதி.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். தூத்தூர், இரவிபுத்தன்துறை என்று ஊருக்கு ஊர் ஃபுட்பால் பைத்தியம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். ஆனால் வீடும் கடலும் நெருக்கும் இடத்தில் முழு மைதானத்துக்கு எங்கே போவது? ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இருக்கிற கிரவுண்டும் சேறாகிவிடும். அந்த மாதங்களில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் கோர்ட் சும்மா கிடப்பது எனக்கே வெகுநாள் உறைக்கவில்லை.

அது 28க்கு 15 மீட்டர். ஃபுட்சாலுக்குக் குறைந்தது 16 மீட்டர் அகலம் வேண்டும். ஒரு மீட்டர்தானே, பரவாயில்லை.

பக்கத்துக்கு ஐந்து பேர் என்றால் ஒளிந்துகொள்ள இடமில்லை. பதினொருவர் ஆட்டத்தில் ஓரமாக நின்று புல்லைப் பிடுங்கும் பிள்ளைக்கும் இங்கே பந்து வந்தே தீரும். வந்ததை உள்ளங்காலால் அமுக்கி நிறுத்தியாக வேண்டும். வெளியே போன பந்தை 4 விநாடிக்குள் உள்ளே உதைக்காவிட்டால் எதிரணிக்குப் போய்விடும். அதனால் பந்து வருவதற்கு முன்பே தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. பெரிய மைதானத்தில் நான் தொண்டை கிழியக் கத்தியும் வராத பழக்கம் இது.

பெற்றோர் கவனத்துக்கு ஒன்று. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில், ஆடுவதெல்லாம் ஃபுட்சால் ஆகிவிடாது. அங்கே பெரும்பாலும் துள்ளுகிற பந்துதான். சுற்றிக் கட்டிய வலையில் மோதித் திரும்பி வரும், கோடு என்ற பேச்சே இல்லை. ஆடட்டும், தப்பில்லை. ஆனால் அடியில் நீளக் குமிழ் (ஸ்டட்) வைத்த ஷூவோடு அனுப்பாதீர்கள். செயற்கைப் புல்லில் ஸ்டட் மாட்டிக்கொண்டால் பாதம் நின்றுவிடும், உடம்பு திரும்பிவிடும், நடுவில் அகப்படுவது முட்டி. "இன்னைக்கு மட்டும் போட்டுக்கோ" என்று நானே விட்ட ஒரு பையன் அப்புறம் இரண்டு மாதம் ஆடவில்லை. டர்ஃபுக்குக் குட்டை ரப்பர் ஸ்டட், சிமெண்ட் தரைக்குத் தட்டை அடி ஷூ.

கோர்ட்டுக்குச் சாவி கேட்டுப் போனால் தலைமையாசிரியர் முதலில் கேட்பது, ஜன்னல் கண்ணாடி உடையுமா என்பதுதான். பந்தைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னாலேயே தட்டிக் காட்டுங்கள்.