இன்புட்-அவுட்புட் அட்டவணை: உள்ளீடா, இடுபொருளா?

2019-ல் ராணுவத் தளவாட உற்பத்திக்காகத் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கியபோது அதன் ஐந்து மையங்களில் ஒன்றாக ஓசூரும் சேர்ந்தது. ராணுவத்துக்கு ஒதுக்கும் பணத்தில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து லேத் பட்டறைக்கு எவ்வளவு வேலை வரும்? இந்த மாதிரிக் கேள்விக்குக் கணக்குப் போடும் கருவிதான் இன்புட்-அவுட்புட் அட்டவணை.

பொருளாதார அறிஞர் வசிலி லியோன்டிஃப் 1936-ல் அமெரிக்கப் பொருளாதாரம் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இவ்விரு சொற்களும் உண்டு. 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இதற்காகத்தான். எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எவ்வளவு வாங்குகிறது என்று கட்டம் கட்டமாக எழுதிக்கொள்ள வேண்டும். வித்தை அதற்கப்புறம். ஒரு பேச்சுக்கு, கவச வண்டிக்கு 100 ரூபாய் எஃகு வேண்டும். அதை உருக்க 20 ரூபாய் மின்சாரம். அந்த மின்சாரத்தை எடுக்க, கொதிகலன் குழாய் அது இது என்று 2 ரூபாய் எஃகு. அதற்கு மறுபடி 40 காசு மின்சாரம். இப்படித் தேய்ந்துகொண்டே போகும் வரிசையை, அட்டவணை எண்களிலிருந்து கணக்கிடும் நேர்மாறு அணி (இன்வர்ஸ் மேட்ரிக்ஸ்) ஒரே வீச்சில் கூட்டிவிடும். 100 ரூபாய் எஃகுக்கு 20 ரூபாய் மின்சாரம் என்பதுபோன்ற விகிதங்கள் மாறாது என்று நம்புவதுதான் இதன் பலவீனம். 1961-ல் லியோன்டிஃபும் மார்வின் ஹோஃபன்பெர்க்கும் கணக்கைத் திருப்பிப் போட்டு, ஆயுதச் செலவைக் குறைத்தால் எந்தெந்தத் தொழிலில் வேலை குறையும், எதில் கூடும் என்று பார்த்தார்கள்.

சரி, தமிழில்? பாடநூல்கள் 'உள்ளீடு-வெளியீடு' என்கின்றன. கெடு என்பது கேடு ஆவதுபோல இடு என்பது ஈடு ஆகும். ஒதுக்கீடு, முதலீடு எல்லாம் அதே குடும்பம். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் உள்ளீடு என்றதும் இன்று நினைவுக்கு வருவது கம்ப்யூட்டர். அதன் பழைய பொருளோ உள்ளே இருக்கும் சரக்கு. மூங்கிலை உள்ளீடற்றது என்கிறோமே, அது. வெளியீடு என்றால் கேட்கவே வேண்டாம், புத்தக வெளியீட்டு விழா!

பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்துக்கு வந்தால் சிக்கலே இல்லை. விதை, உரம், மருந்து எல்லாம் சேர்த்து 'இடுபொருள்'. வேளாண் துறை மானிய அறிவிப்புகளிலும் அதே சொல்தான். பறித்து மண்டிக்குக் கொண்டுபோவது விளைபொருள். ஓசூர் பட்டறைக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி. இரும்பு ராடு, கட்டிங் ஆயில், கரண்டு இவையெல்லாம் இடுபொருள். கடைந்தெடுத்த புஷ் என்னும் எந்திர உதிரி விளைபொருள். "விளைபொருளில் வயல் வாசம் அடிக்கிறதே" என்றார் நண்பர் ஒருவர். அவருக்காக 'ஆக்கப்பொருள்' என்று மாற்றிக்கொள்ளத் தயார். இடுபொருளை மட்டும் விடுவதாக இல்லை.