ஓநாய் புலியானது எப்படி?

கொரியாவில் பிள்ளைகளுக்குக் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை இது. கூலி வேலை முடித்து, கூடையில் அரிசிக் கொழுக்கட்டையோடு ஒரு தாய் மலைப்பாதையில் வீடு திரும்புகிறாள். புலி வழிமறிக்கிறது. "ஒரு கொழுக்கட்டை கொடு, உன்னைத் தின்ன மாட்டேன்" என்கிறது. கொடுக்கிறாள். அடுத்த மேட்டில் மறுபடியும் அதே புலி, அதே பேச்சு. கூடை காலியானதும் தாயையே தின்றுவிட்டு, அவள் உடுப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

உள்ளே அண்ணனும் தங்கையும். குரல் கரகரப்பாக இருக்கிறதே என்று சந்தேகப்படுகிறார்கள். கையைக் காட்டச் சொன்னால் ஒரே மயிர். கடைசியில் பின்பக்கமாக ஓடி மரத்தில் ஏறி வானத்தை வேண்ட, கயிறு இறங்கி வருகிறது. புலியும் வேண்டுகிறது, அதற்கு வருவது இற்றுப்போன கயிறு. அறுந்து சோளக்கொல்லையில் விழுந்து சாகிறது. சோளத்தட்டையில் தெரியும் சிவப்பு அந்தப் புலியின் ரத்தமாம். பிள்ளைகள் சூரியனும் சந்திரனும் ஆகிறார்கள். இருட்டில் தனியாக வரப் பயந்ததால் தங்கைக்குச் சூரியன் வேலை.

கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட ஜெர்மன் கதைத் தொகுப்பில் ஏழு ஆட்டுக்குட்டிகள் இருக்கின்றன. தாய் ஆடு வெளியே போன நேரத்தில் ஓநாய் வருகிறது. முரட்டுக் குரலை மென்மையாக்கச் சுண்ணக்கட்டி தின்கிறது, கறுத்த பாதத்தில் மாவு பூசிக்கொள்கிறது. தென்னாப்பிரிக்கக் கதைகளில் வரும் நரமாமிச அரக்கனுக்கும் இதே சிக்கல்தான். குரலை மெலிதாக்க அவன் காய்ச்சிய இரும்பையே விழுங்குகிறான்.

மூன்று கண்டங்கள், கதவுக்கு வெளியே ஒரு பொய்க்குரல். இது ஒரே கதையா, அல்லது மூன்று ஊர்த் தாய்மார்களும் தனித்தனியே ஒரே பயத்திலிருந்து கட்டிய கதைகளா?

முதலில், ஒரு கதை வாய்மாறும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் இதைச் சோதித்து 1932இல் வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஆவிகள் வரும் கதை ஒன்றை ஒருவரிடம் படிக்கக் கொடுத்தார். அவர் நினைவிலிருந்து எழுதியதை அடுத்தவர், அவர் எழுதியதை அதற்கடுத்தவர் என்று சங்கிலியாக நகர்த்தினார். குடைந்த மரத்தோணி சாதாரணப் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. காரணம் புரியாத இடங்களில் வாசகர்கள் தாங்களே காரணத்தைச் செருகினார்கள். செருக முடியாததை விட்டுவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. நினைவு ஒரு கதையைச் சேமிக்கும்போதே அதைத் தனக்குப் பழகிய உலகத்துக்குள் குடியேற்றிவிடுகிறது.

ஓநாய் புலியான கணக்கும் இதுதான். கதைக்குத் தேவை, கேட்கும் பிள்ளை நடுங்கும் ஒரு விலங்கு. கொரிய மலைகளிலும் சீனக் காடுகளிலும் அந்த இடம் புலிக்கு. ஜப்பானில் மலையில் திரியும் கிழவிப் பேய்க்கு. கூடையில் இருப்பது ரொட்டியா கொழுக்கட்டையா என்பதை அந்தந்த ஊர் அடுப்பு முடிவு செய்கிறது. எதை மாற்றினால் கதை உடைந்துவிடுமோ அது மட்டும் தங்குகிறது: வீட்டில் பெரியவர் இல்லை, வந்திருப்பது உறவுக்காரர் வேடம், குரலிலோ கையிலோ ஒரு தடயம்.

மாற்றம் இப்படி ஓர் ஒழுங்கோடு நடப்பதால்தான் அதைப் பின்னோக்கி வாசிக்க முடிகிறது. ஓலைச்சுவடிப் பதிப்பாளர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஓர் ஏட்டில் நுழைந்த பிழை, அதைப் பார்த்துப் படியெடுத்த எல்லா ஏடுகளிலும் தொடரும். பொதுப் பிழைகளை வைத்தே எந்த ஏடு எதன் வழி வந்தது என்று சொல்லிவிடலாம். உயிரியலாளர்கள் இனங்களின் கிளைமரம் வரைவதும் இதே தர்க்கத்தில்தான்.

டர்ஹம் பல்கலைக்கழக மானுடவியலாளர் ஜேமி டெஹ்ரானி அந்த உயிரியல் கருவியைக் கதைகளிடம் கொண்டுவந்தார். 2013இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த ஆய்வில், உலகெங்கும் இருந்து 58 கதை வடிவங்களை எடுத்தார். ஒவ்வொன்றையும் 72 கூறுகளாக உடைத்தார்: நாயகர் ஒருவரா பலரா, ஆணா பெண்ணா, வில்லன் எந்த விலங்கு, என்ன தந்திரம், முடிவில் பிழைத்தார்களா இல்லையா. பிறகு கணினி அந்த அட்டவணையிலிருந்து வம்சாவளியைக் கணித்தது.

நாட்டார் கதைகளுக்கு எண் கொடுக்கும் பன்னாட்டு அட்டவணை ஒன்று உண்டு. பின்லாந்தின் ஆன்ட்டி ஆர்னே 1910இல் தொடங்கியதை அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் விரிவாக்க, 2004இல் ஜெர்மானியரான ஊதர் புதுப்பித்தார். அதில் ஆட்டுக்குட்டிகள் கதைக்கு 123, பாட்டி வேடத்தில் படுத்திருக்கும் ஓநாயிடம் சிக்கும் சிவப்புக் குல்லாய்ச் சிறுமிக்கு 333. இவை உண்மையில் இரண்டு குடும்பங்கள்தானா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. இரண்டுதான் என்றது கணிப்பு. சிவப்புக் குல்லாய்க்கு உறவு என்று சிலர் எண்ணிய ஆப்பிரிக்கக் கதைகள் ஆட்டுக்குட்டிகள் பக்கம் போய்ச் சேர்ந்தன.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு கிழக்காசியாவைப் பற்றியது. புலி கிழவி வேடத்தில் வரும் அங்குள்ள 'புலிக்கிழவி'க் கதைகளில் இரண்டு குடும்பச் சாயலும் உண்டு. பல பிள்ளைகள் வீட்டில் தனியே இருப்பதும் கதவுத் தந்திரமும் 123. கிழவி வேடமும் கேள்விமேல் கேள்வி கேட்பதும் 333. ஆகவே இதுவே மூலக்கதை, மேற்கே போய் இரண்டாகப் பிரிந்தது என்ற கருத்து இருந்தது. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலம் என்றால் அது ஐரோப்பாவின் மிகப் பழைய வடிவத்தை ஒத்திருக்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் லியேஜ் நகரத்து எக்பர்ட் எழுதிய லத்தீன் கவிதையில், சிவப்பு ஆடை அணிந்த சிறுமியை ஓநாய் தூக்கிப் போகிறது. அதன் குட்டிகள் அவளைத் தின்னாமல் தலையை நக்குகின்றன. பாட்டி இல்லை, கேள்வி பதில் இல்லை. புலிக்கிழவி இதை ஒத்திருக்கவில்லை. பிற்கால வடிவங்களையே ஒத்திருக்கிறாள். அதனால் கிழக்காசியக் கதை வேர் அல்ல, இரண்டு கிளைகளும் பின்னிப் பிறந்த கலப்பு என்கிறார் டெஹ்ரானி. கலப்பு என்பதால் மதிப்புக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. எங்கிருந்தோ வந்த இரண்டு கதைகளை ஒட்டுத் தெரியாமல் சேர்த்த அந்தப் பெயர் தெரியாத கதைசொல்லிகளின் கைத்திறனை எண்ணி வியக்கவே தோன்றுகிறது.

முறைக்கு வரம்புகள் உண்டு. எதைக் கூறு என்று எண்ணுவது என்பதில் ஆய்வாளரின் தேர்வு இருக்கிறது. உயிரினங்களைவிடக் கதைகள் எளிதில் பக்கத்து ஊரிலிருந்து கடன் வாங்கும். இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டு, சாரா கிராசா ட சில்வாவும் டெஹ்ரானியும் 2016இல் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் 275 மாயக்கதை வகைகளை ஆராய்ந்தார்கள். மொழிக் குடும்பத்தின் வழியே இறங்கிவந்ததற்கு வலுவான தடயம் காட்டியவை 76 மட்டுமே.

அச்சு வந்தபின் நடந்தது வேறு வகை மாற்றம். பிரெஞ்சுக் கிராமத்து வாய்மொழி வடிவங்கள் சிலவற்றில் சிறுமிக்குச் சிவப்புக் குல்லாயே இல்லை, மூளை இருக்கிறது. படுக்கையில் இருப்பது பாட்டி அல்ல என்று புரிந்ததும், "கொல்லைக்குப் போகணும்" என்கிறாள். ஓநாய் அவள் காலில் கயிறு கட்டி அனுப்புகிறது. அவள் அதை அவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ கனவான்களும் சீமாட்டிகளும் படிக்க எழுதியபோது ஓநாய் அவளைத் தின்றுவிட்டது. கீழே ஒரு நீதியும் சேர்ந்தது. கிரிம் சகோதரர்கள் வேட்டைக்காரரை அனுப்பி வயிற்றைக் கிழித்து மீட்டார்கள். இன்று புத்தகக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது மீட்கப்படும் சிறுமிதான். தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்ட பெண்ணை இந்த இரண்டு அச்சு வடிவங்களும் வெளியே தள்ளிவிட்டன என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

ஆனால் தைவானில் அவள் இருக்கிறாள். நள்ளிரவில் படுக்கையில் புலிக்கிழவி எதையோ கடகடவென்று கடிக்கும் சத்தம். என்ன தின்கிறாய் என்று அக்கா கேட்க, வேர்க்கடலை என்று பதில் வருகிறது. கேட்டு வாங்கிப் பார்த்தால் தம்பியின் விரல். அக்கா அலறவில்லை. கொல்லைக்குப் போகணும் என்கிறாள். கிழவி கயிறு கட்டி அனுப்புகிறாள். அதை வேறிடத்தில் கட்டிவிட்டு மரத்தில் ஏறும் அக்கா, தன்னைத் தின்பதற்கு முன் எண்ணெய் காய்ச்சி மேலே அனுப்பும்படி புலியிடமே சொல்கிறாள். அது வாயைத் திறந்ததும், கொதிக்கும் எண்ணெயை அதில் ஊற்றுகிறாள்.