மின்புலப் பாயில் உட்கார்ந்தால் வைரஸ் சாகுமா?

விலாவில் ஒரு பக்கம் மட்டும் பட்டை கட்டியதுபோல் தழும்போடு ஒரு பெரியவர் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார். அக்கி வந்து போன தழும்பு. கொப்புளங்கள் ஆறி மூன்று மாதம் ஆகியும் சட்டை உரசினாலே எரிகிறது என்றார். அக்கி வந்ததும் டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"இல்லைம்மா. மின்புலப் பாயில் உட்கார்ந்தால் வைரஸ் செத்துவிடும் என்றார்கள். ஒரு வாரம் தினமும் உட்கார்ந்தேன்."

அந்த ஒரு வாரத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அக்கிக்கு அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அவற்றின் முழுப் பலன் கிடைக்கும். புண் சீக்கிரம் ஆறும், அப்போதைய வலியும் தணியும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் கண்ணே பாதிக்கப்படலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இன்ஃப்ளுயன்ஸா மாத்திரைக்கு அவகாசம் இன்னும் குறைவு, 48 மணி நேரம்தான்.

சரி, அந்தப் பாய் என்னதான் செய்கிறது? அதிக வோல்டேஜில் உடலைச் சுற்றி ஒரு மின்புலத்தை உண்டாக்குகிறது. உடலில் மயிர் சிலிர்ப்பது தெரியும், அதனால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று தோன்றும். ஆனால் நம் உடல் உப்புநீர் நிறைந்த நல்ல மின்கடத்தி. இதுபோன்ற தாழ்ந்த அதிர்வெண் கொண்ட மின்புலம் கிட்டத்தட்ட முழுவதும் தோலோடு நின்றுவிடுகிறது, திசுக்களுக்குள் லட்சத்தில் ஒரு பங்குகூடப் போவதில்லை. வைரஸோ நம் செல்லுக்குள் புகுந்து பெருகுவது. அந்தச் செல்லின் சவ்வு சுமார் 5 நானோமீட்டர் தடிமன்தான். அதன் இரு பக்கத்துக்கும் இடையே இயல்பாகவே 70 மில்லிவோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கிறது. கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டைத் தாண்டும். அவ்வளவு வலிய புலத்தோடு வாழும் செல்லுக்கு, பாயிலிருந்து கசிந்து வருவது ஒரு பொருட்டே இல்லை. ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சி வைரஸைச் செயலிழக்கச் செய்யலாம். அதை வைத்து உடலுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது.

"எனக்குக் காய்ச்சல் நின்றதே" என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சளியும் சாதாரண வைரஸ் காய்ச்சலும் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கும். நான்காம் நாள் பாயில் உட்கார்ந்தவருக்கு ஏழாம் நாள் சரியானால் பெயர் பாய்க்குப் போகிறது. டெங்குவில் இந்த நம்பிக்கை ஆபத்தானது. அதில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் நிலைமை மோசமாகலாம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

மின்சாரத்துக்கு நான் எதிரி இல்லை, அதை வைத்துத்தான் தினமும் வேலை செய்கிறேன். வைரஸ் விட்டுப்போன பாதிப்பில் அதற்கு இடம் உண்டு. தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே லேசான மின்சாரம் செலுத்தும் டென்ஸ் (TENS) கருவி நரம்பு வலியில் சிலருக்கு ஆறுதல் தருகிறது, பெரும்பாலும் கருவி ஓடும் நேரத்திலும் அதையொட்டியும். தொற்று முற்றி வெண்டிலேட்டரில் நீண்ட நாள் கிடந்தவர்களுக்குத் தசை வேகமாகக் கரையும். அவர்களுக்குத் தசையைத் தூண்டும் மின்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துப் பயன்படுத்துகிறோம். துணைச் சிகிச்சை என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்தப் பெரியவருக்கும் நரம்பு வலிக்கான மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் டென்ஸ் தொடங்கினேன். எரியும் இடத்தின் நடுவில் பட்டைகளை ஒட்டாமல், உணர்ச்சி சரியாக இருக்கும் ஓரத் தோலில் ஒட்டினேன். வலி முழுதாகப் போகவில்லை. ஆனாலும் இரவில் கொஞ்சம் தூங்க முடிகிறது என்கிறார்.

அப்புறம், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் எந்த மின்கருவியையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். விற்பவர் இதையெல்லாம் கேட்காமல் விட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.