டயஸ்டீமா: பல்லின் பெயரல்ல, வெளியின் பெயர்

பல் டாக்டர் எழுதிய சீட்டில் ‘மிட்லைன் டயஸ்டீமா’ என்று இருந்தால் பயந்துவிட வேண்டாம். மேல்வரிசையின் நடு முன்பற்கள் இரண்டுக்கும் இடையே சந்து இருக்கிறது, அவ்வளவுதான்.

சொல் கிரேக்கம். ‘டயா’ என்றால் விலகி; ‘ஹிஸ்டெமி’ என்றால் நிற்கச் செய்தல். விலகி நிற்பதால் உண்டாகும் வெளி டயஸ்டீமா. பழைய கிரேக்க இசையில் இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்கும் இதே பெயர். இன்றைய கிரேக்கத்தில் விண்வெளியையும் இப்படித்தான் சொல்கிறார்கள். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே நீளமாக வெறும் ஈறு இருக்கும், விலங்கியலில் அதுவும் டயஸ்டீமாதான். கடிவாளத்தின் இரும்பு உட்காருவது அங்கேதான்.

நம் பேச்சில் இதற்கு ‘சந்துப் பல்’ என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆனால் அது பல்லைக் குறிக்கிறது, டயஸ்டீமா வெளியைக் குறிக்கிறது. அதனால் எழுத்தில் ‘பல்லிடைவெளி’ என்பதே பொருத்தம். நடுவில் இருப்பதை ‘நடுப் பல்லிடைவெளி’ எனலாம்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சந்து உள்ளவர்கள் பலர், “என் முன்பல் ரொம்பப் பெரிசு” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். பல நேரம் உண்மை நேர்மாறானது: தாடையின் அளவுக்குப் பல் சிறியது, அதனால்தான் இடம் மிஞ்சுகிறது. பக்கத்து வெட்டுப்பல் ஆப்பு மாதிரி சிறுத்திருந்தாலும், மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சதை மடிப்பு தடித்துக் கீழே இறங்கியிருந்தாலும் சந்து விழும்.

மேல் நடு முன்பல்லின் சராசரி அகலம் சுமார் 8.5 மி.மீ., உயரம் சுமார் 10.5 மி.மீ. அதாவது அகலம், உயரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம். கண்ணுக்கு அழகாகத் தெரிவதும் ஏறத்தாழ இந்த விகிதம்தான். இப்போது 2 மி.மீ. சந்தை அடைக்க இரண்டு பல்லிலும் ஆளுக்கு 1 மி.மீ. பூச்சு வைத்தால் என்ன ஆகும்? அகலம் 9.5 ஆகும், உயரம் அப்படியே நிற்கும், விகிதம் 90 சதவீதத்தைத் தொடும். சந்து போய்விடும், ஆனால் பல் சதுரக் கட்டி மாதிரி தெரியும். நல்ல டாக்டர் முதலில் அளவெடுப்பது இதற்காகத்தான். சந்து பெரிதாக இருந்தால் கிளிப் போட்டுப் பல்லை நகர்த்தி, மிச்சத்தை மட்டும் பூச்சால் நிரப்புவார்கள்.

அப்புறம், 7, 8 வயதுப் பிள்ளைக்குப் புதிதாக முளைத்த முன்பற்கள் விலகி நின்றால் அவசரப்பட்டுக் கிளிப்புக்கு ஓட வேண்டாம். 11, 12 வயதுவாக்கில் மேல் கோரைப்பற்கள் இறங்கும்போது பக்கத்துப் பற்களை நெருக்கித் தள்ளும். சிறிய பல்லிடைவெளி பெரும்பாலும் அப்போது தானாகவே மூடிக்கொள்ளும்.