ஃபோட்டோஜர்னலிஸ்ட்: ஒளிப்படச் செய்தியாளர்

போர்முனையில் படம் எடுக்கிறவரை நாம் இங்கே கோலாலம்பூரில் ‘புகைப்படக்காரர்’ என்று சொல்லிவிடுகிறோம். கல்யாணத்தில் படம் எடுக்கிறவரும் புகைப்படக்காரர்தான். அந்தச் சொல்லில் பாதி வேலை விடுபட்டுப் போகிறது என்பதுதான் என் வருத்தம்.

‘ஃபோட்டோகிராஃபி’யைப் பிரித்துப் பாருங்கள்: கிரேக்கத்தில் ‘ஃபோஸ்’ என்றால் ஒளி, ‘கிராஃபே’ என்றால் வரைதல். புகைக்கு அதில் இடமே இல்லை, ஆகவே ஒளிப்படம் என்பதே பொருத்தம். ‘ஜர்னல்’ பிரெஞ்சு வழியாக வந்தது, அன்றாடம் நடப்பதை எழுதிவைக்கும் ஏடு. மலாயில் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்: படம் எடுப்பவர் ஜூருகம்பார், செய்தியாளர் வர்த்தாவான். இந்த ‘வர்த்தா’ வடமொழி, நம்முடைய ‘வார்த்தை’க்கும் அதுதான் வேர்.

சரி, செய்தியாளர் என்ற பாதி ஏன் அவ்வளவு முக்கியம்? 1855-இல் ஆங்கிலேய ஒளிப்படக்காரர் ரோஜர் ஃபென்டன், ரஷ்யாவை எதிர்த்துப் பிரிட்டனும் பிரான்சும் போரிட்ட கிரிமியப் போருக்குப் போனார், ஒரு குதிரை வண்டியையே இருட்டறையாக்கிக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார், ஒரு படத்துக்கே பல நொடிகள் பிடித்ததால் ஓடும் சண்டையை அவரால் எடுக்கவே முடியவில்லை. ஒரே பள்ளத்தாக்கை அவர் எடுத்த இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்றில் பாதை முழுக்கப் பீரங்கிக் குண்டுகள், இன்னொன்றில் பாதை வெறுமை. குண்டுகளை நகர்த்தி வைத்தார்களா என்று பெரிய விவாதமே நடந்தது. இன்றைக்குச் செய்திப் படத்துக்காக எதையாவது இடம் மாற்றி வைத்தது தெரிந்தால் வேலையே போய்விடும். யார், எங்கே, எப்போது என்று விசாரித்துப் படக்குறிப்பு எழுதுவதும் படம் எடுத்தவரின் பொறுப்புதான், அது தப்பினால் படமே பொய் சொல்லும்.

சட்டமும் இந்தப் பாதியைத்தான் பார்க்கிறது. போர்க்கால விதிகளான ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையின் 79-ஆவது பிரிவு, போர்ப் பகுதியில் வேலை செய்யும் செய்தியாளர்களைப் பொதுமக்களாகவே கருதிக் காக்கச் சொல்கிறது. அப்படியிருந்தும் சாகிறார்கள். போர்ப் படங்களுக்குப் பேர்போன ராபர்ட் காப்பா 1954-இல் வியட்நாமில் கண்ணிவெடியில் போனார், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஒளிப்படச் செய்தியாளர் டானிஷ் சித்திக்கி 2021-இல் ஆப்கானிஸ்தானில்.

ஆகவே ‘போர் ஒளிப்படச் செய்தியாளர்’ என்று எழுதுவோம். ‘ஒளிப்பட நிருபர்’ என்றாலும் எனக்குப் பிடிக்கும், நிருபம் என்றால் கடிதம், பவுலின் நிருபங்கள் என்கிறோமே, அதேதான். வீடியோவுக்கு மட்டும் சொல் மாறும். 2011-இல் சோமாலியாவின் மொகடிஷுவில் சுடப்பட்டு இறந்த நம் பெர்னாமா தொலைக்காட்சியின் நோராம்ஃபைசுல் முகமட் நோர் ஒளிப்பதிவாளர், அவரைப் புகைப்படக்காரர் என்று எழுதினால் இரண்டு விதத்திலும் தப்பு.