பெயர் மட்டும்தானே, சார்?

சென்ற வாரம் ஓர் அம்மா என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் 12 சென்ட் நிலத்தின் பிரமாணம் (கிரையப் பத்திரம்), பட்டா நகல், கணவரின் இறப்புச் சான்றிதழ், இவற்றோடு பினாமித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருமான வரித்துறை அனுப்பிய ஒரு நோட்டீஸ். கணவர் கன்னியாகுமரியில் வாடகைக் கார் ஓட்டியவர். ஆண்டுதோறும் மார்கழியில் வந்து மாசி வரை தங்கும் ஓர் ஐரோப்பியருக்கு ஓட்டுநராகப் பழக்கமாகி, நண்பராகி, கடைசியில் அவருக்காகத் தன் பெயரில் கடலோரத்தில் நிலம் வாங்கியிருக்கிறார். பணம் முழுவதும் அந்த வெளிநாட்டவருடையது. இருவருக்கும் நடுவே இருந்தது இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய ஓர் ஒப்பந்தம். அது பதிவு செய்யப்படவில்லை.

இப்போது கணவர் இல்லை. மாமியார் தன் பங்கைக் கேட்கிறார். வெளிநாட்டவர், நிலத்தை விற்றுப் பணத்தை அனுப்பச் சொல்கிறார். அரசாங்கம், வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. “நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லையே, சார். பெயர் மட்டும்தானே கொடுத்தோம்?” என்று அழுதார்.

இந்த ஆண்டில் என்னிடம் வந்த நான்காவது வழக்கு இது. நான்கிலும் இதே வார்த்தைகள். அதனால்தான் எழுதுகிறேன்.

வெளிநாட்டவர் வந்து தங்குவதை நான் எதிர்க்கவில்லை. வெளியிலிருந்து வந்து தங்கியவர்கள் இல்லாமல் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தின் கதையையே சொல்ல முடியாது. 1741-ல் குளச்சல் போரில் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் இங்கேயே தங்கித் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பெண்கள் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல், தோள்சேலை அணியவே உரிமை மறுக்கப்பட்டிருந்த பெண்களின் கையில் கூலியாக வந்து சேர்ந்தது. எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் இருந்த மருத்துவர் சோமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார். வேறு வகையானவர்களும் வந்தார்கள். 1909-ஐ ஒட்டி மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஷோம்பெர்க், அந்த மணலை எரிவாயு விளக்கின் வலைத்திரிக்காகக் கப்பலேற்றினார். எனவே வந்தவர் நல்லவரா, பணக்காரரா என்று நான் கேட்பதில்லை. அவர் போன பிறகு இங்கிருப்பவர்களின் கையில் என்ன மிஞ்சும் என்றுதான் கேட்கிறேன்.

வாடகைக்கு வீடு எடுத்து மூன்று மாதம் தங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு வாடகை, சமையலுக்கு வரும் பெண்ணுக்குச் சம்பளம், ஆட்டோ, மீன், இளநீர், தையல், சலவை என்று பணம் பத்துக் கைகளுக்குப் போகிறது. அந்தப் பத்துப் பேரும் அதை வடசேரிச் சந்தையிலோ பக்கத்துத் தெருப் பலசரக்குக் கடையிலோ செலவு செய்கிறார்கள். அதே மனிதர் மறைமுகமாகப் 12 சென்ட் வாங்கினால் என்ன நடக்கிறது? விற்றவருக்கு ஒரு தடவை பணம், தரகருக்கு ஒரு தடவை கமிஷன். அத்தோடு சரி. நிலத்தைச் சுற்றி வேலி விழுகிறது. வீடு கட்டப்படுவதில்லை; அதனால் கொத்தனாருக்கு வேலையில்லை, பஞ்சாயத்துக்கு வீட்டு வரியில்லை. ஆனால் அவர் கொடுத்த விலையைச் சொல்லித்தான் பக்கத்து நிலத்துக்காரர் அடுத்த விலையைப் பேசுகிறார். அங்கேயே பிறந்த மீனவர் மகன் தன் கல்யாணத்துக்கு முன் நான்கு சென்ட் வாங்க நினைத்தால் அந்த விலைக்கு எட்ட முடிவதில்லை.

வாடகையிலும் இந்த ஆபத்து உண்டு. சீசன் வாடகைக்கு ஆசைப்பட்டு, பத்து ஆண்டுகளாகக் குடியிருந்த செவிலியர் குடும்பத்தைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர் ஒருவருக்காக நான் நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். இரண்டு சீசன் நன்றாகப் போனது. மூன்றாவது ஆண்டு யாரும் வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. அந்தச் செவிலியர் குடும்பம் திரும்பி வரவில்லை.

இனி, என்னை அதிகம் சலிப்படைய வைக்கும் தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். “182 நாள் இந்தியாவில் தங்கினால் வெளிநாட்டவர் நிலம் வாங்கலாம்.” தரகர்கள் இதை வேதவாக்காகச் சொல்கிறார்கள். படித்தவர்களும் என்னிடம் வந்து இதையே திருப்பிச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. சொத்து விஷயத்தில் பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது.

1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் 182 என்ற எண் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் 182 நாட்களுக்கு மேல் இங்கே இருந்திருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதற்கு அடுத்த வரியை யாரும் படிப்பதில்லை. வேலைக்காகவோ, தொழிலுக்காகவோ, காலவரையறையின்றித் தங்கும் எண்ணத்தைக் காட்டும் வேறு காரணத்துக்காகவோ வந்திருக்க வேண்டும் என்று அந்த வரி சொல்கிறது. சுற்றுலா விசா அந்த எண்ணத்தைக் காட்டுவதில்லை. திரும்பிப் போகிறவர் என்ற அடிப்படையில் வாங்குவதுதான் சுற்றுலா விசா. அதில் 182 நாள் இருந்தாலும் சரி, பத்து ஆண்டுகளாக வந்துபோனாலும் சரி, ஒரு சென்ட் வாங்கும் தகுதி வராது. வருமான வரிச் சட்டத்திலும் 182 நாள் கணக்கு ஒன்று உண்டு. அது வரி யார் கட்டுவது என்பதற்கான கணக்கு, நிலம் யார் வாங்குவது என்பதற்கானது அல்ல. இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் இந்த வதந்தி உருவாகியிருக்கிறது. உங்கள் தரகர் அடுத்த தடவை 182 என்று தொடங்கினால், அந்த அடுத்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

“பதிவே ஆகிவிட்டதே, சார்பதிவாளர் தடுக்கவில்லையே” என்பது அடுத்த சமாதானம். சார்பதிவாளர் முன்னால் நின்றது நீங்கள். உங்கள் ஆதாரையும் உங்கள் கைரேகையையும்தான் அவர் பார்த்தார். பணம் யாருடையது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பெயர் கொடுப்பது சிறு விஷயம் அல்ல. ஒருவர் பணம் கொடுக்க, அவருடைய நன்மைக்காக இன்னொருவர் பெயரில் சொத்து இருந்தால் அது பினாமி. திருத்தப்பட்ட சட்டம் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சொத்து பறிமுதலாகும். குற்றம் நிரூபணமானால் ஓர் ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். பணம் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, பெயர் கொடுத்தவருக்கும் இதே தண்டனைதான். அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை தனி அபராதம் விதிக்கலாம். பணம் கொடுத்தவர் விமானம் ஏறிவிடுவார். நீங்கள் எங்கே போவீர்கள்?

வெளிநாட்டவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிலம் உண்மையில் என்னுடையது என்று, பெயர் கொடுத்த பினாமிதாரர் மேல் வழக்குப் போட நம் நாட்டில் இடமில்லை. இங்கே வீடு கட்டி வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டு, சேமிப்பு முழுவதையும் இழந்து நின்ற ஒரு முதியவரையும் நான் பார்த்திருக்கிறேன். அவரும் கெட்டவர் அல்ல.

சட்டத்திலேயே நேரான வழி இருக்கிறது. வெளிநாட்டவர் ஐந்து ஆண்டுக்கு மிகாமல் குத்தகைக்கு எடுக்கலாம். மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டில் 9 லட்சம். நிலம் உங்களுடையதாகவே இருக்கும். தலைக்கு மேல் எந்த நோட்டீஸும் தொங்காது. பெயர் கொடுத்ததற்காக அந்த ஓட்டுநருக்குக் கிடைத்தது ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தில் ‘ஒற்றி’க்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒற்றி அடமானம், குத்தகை அல்ல. அந்த ஐந்து ஆண்டு விலக்குக்குள் அது அடங்காது.

வெளிநாட்டவர் என்றால் வெள்ளைத்தோல் என்று நினைப்பதும் ஒரு குறைபாடு. நம் மாவட்டத்தில் இன்னொரு நாட்டுக் குடியுரிமையோடு பல்லாண்டுகளாக வாழ்பவர்கள் பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை முகாம்களில் இருக்கிறார்கள். இந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களின் ஆண்கள் வெயிலில் நின்று நம் வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறார்கள். வாங்கும் கூலியை இங்கேதான் செலவு செய்கிறார்கள். அவர்களைச் சீசன் விருந்தினர் என்று யாரும் மாலை போட்டு வரவேற்பதில்லை. இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே நிலம் வாங்க முடியாது. அதனால் சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்து, தெரிந்தவர் பெயரில் மூன்று சென்ட் வாங்கிவைத்த தந்தை ஒருவர் என்னிடம் வந்தார். பெயர் கொடுத்தவர் அதை விற்றுவிட்டார். அந்தத் தந்தைக்காக நீதிமன்றத்தில் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: முகாமில் இருப்பவர் உங்களை நம்பிப் பெயர் கேட்டால், உதவி என்று நினைத்துத் தலையாட்டாதீர்கள். பணத்தை அவர் பெயரிலேயே வங்கியில் போடச் சொல்லுங்கள்.

வளைகுடா, அமெரிக்க உறவினர்கள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. வெளிநாடு வாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) வைத்திருப்பவரும் வீடோ கடையோ வாங்கலாம். வயல், தென்னந்தோப்பு, குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்கக் கூடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ‘தோப்பை அண்ணன் பெயரில் வாங்கிப்போடு’ என்று அனுப்பும் பணமும் இதே சிக்கலில்தான் கொண்டுவிடும்.

வீட்டில் வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தகவல் கொடுங்கள். ‘சி’ படிவம் என்று பழகிய நடைமுறைதான். ஒரு வாரம் தங்கினாலும் கொடுக்க வேண்டும், நண்பர் என்றாலும் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா நகலை வாங்கிவையுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட நீண்டகால விசா என்றால், அவர் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்கு எஸ்.பி. அலுவலகத்தை அணுக வேண்டும். வாடகையை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். பவர் பத்திரம் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே பெயர் கொடுத்திருப்பவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். 2024-ல் வந்த திருத்தத்தின்படி, உள்ளதை உள்ளபடி முழுமையாக வெளிப்படுத்தும் பினாமிதாரருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளிக்க வழி இருக்கிறது. நிலம் போகும், நீங்கள் தப்பலாம். ஒரு வழக்கறிஞரிடம் இந்த வாரமே போங்கள். தரகரிடம் போகாதீர்கள்.

அந்த அம்மாவின் நோட்டீஸுக்குப் பதில் கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கணவரின் பழைய வங்கிப் பாஸ்புக் ஒன்று குறைகிறது. மகள் பள்ளிவிட்டு வந்ததும் அலமாரி அலமாரியாகத் தேடுகிறாள் என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்.